நோய் செம்மறிக்கு, மருந்து வீமனுக்கு

2025 தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை பட்டிக்குப் போனேன். மற்றக் குட்டிகள் தாய்மாரின் மடியில் முட்டிக்கொண்டு நின்றன. சுட்டி மட்டும் எழும்பவில்லை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் மகள் வைத்த பெயர் அது. பிறந்து மூன்று மாதம். முதல்நாள் பின்னேரம் புல்லில் வாய் வைக்கவில்லை, வயிற்றைத் தொட்டால் முனகியது. மழைக்குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து மிளகும் மஞ்சளும் அவித்துப் பருக்கிவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது.

அந்தக் கிழமையில் செத்த இரண்டாவது குட்டி அது. முதல் குட்டியை என் வீட்டுக்காரர் உரப்பையில் கட்டி வாய்க்காலுக்கு அங்கால் உள்ள பற்றைக்குள் எறிந்துவிட்டு வந்தார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். இரண்டாவதையும் அப்படி எறிய எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஐந்து குட்டி பட்டியில் நிற்கிறது. காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக எறிந்துகொண்டே இருப்பதா? சுட்டியை உரப்பையில் சுற்றி ஸ்கூட்டியின் காலடியில் வைத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போனேன்.

அதற்கு முன் எங்கள் செம்மறிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் இருப்பது மட்டக்களப்பின் படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துப் பக்கம். இங்கே மாடுதான் செல்வம், அடுத்தது வெள்ளாடு. செம்மறி வைத்திருப்பவர்கள் குறைவு. மாமியின் தம்பி ஒருகாலம் மன்னாரில் மேசன் வேலைக்குப் போனபோது வாங்கிக்கொண்டு வந்த இரண்டு மறியில் இருந்து பெருகியவைதான் எங்களுடையவை. நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்தபோது ஆறு நின்றன, இப்போது பெரியவை மட்டும் பதினாலு. மாமிக்கு மூட்டுவருத்தம் வந்தபிறகு பட்டி என் பொறுப்பு. மகளின் ரியூஷன் காசும் மாமியின் மருந்துக் காசும் இதிலிருந்துதான் வருகிறது.

வைத்தியர் இளம் பெண். பேராதனையில் படித்து முடித்து இங்கே வேலைக்கு வந்தவர். எல்லோரும் டொக்டர் மிஸ் என்று கூப்பிடுவோம். கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பொலித்தீன் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு குட்டியின் வயிற்றைத் திறந்தார். “அக்கா, பார்க்கக் கஷ்டமெண்டா அங்கால போய் இருங்க” என்றார். நான் போகவில்லை.

வயிற்றுக்குள் இரத்தம் கலந்த தண்ணீர் தேங்கி நின்றது. ஈரலை வெளியே எடுத்தார். நல்ல ஈரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனை தரம் கழுவி வெட்டியிருக்கிறேன். இது அப்படி இல்லை. விரல் பட்ட இடம் பிய்ந்துகொண்டு வந்தது. மேலெல்லாம் வளைந்து நெளிந்த சிவப்புக் கோடுகள். செல் அரித்த பலகையைத் துடைத்துப் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி.

“ஈரல் தட்டைப்புழுவா மிஸ்?” என்று கேட்டேன். மாட்டுக்கு அது வருவது எங்களுக்குத் தெரிந்த விஷயம்.

அவர் ஒரு கோட்டைக் கத்தி நுனியால் கீறி, அதற்குள் இருந்து ஊசித்தலைப் பருமனில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். “இல்ல அக்கா. வீட்டில நாய் வளர்க்கிறீங்களா?”

நான் விழித்தேன். குட்டி ஈரல் வருத்தத்தில் செத்திருக்கிறது, இவர் நாயைக் கேட்கிறார். நாய் கடிக்கவில்லையே என்றேன். அப்போது அவர் கேட்ட அடுத்த கேள்வியில்தான் எனக்கு வயிறு கலங்கியது. “கடைசியா வீட்டில எப்ப ஆடு அடிச்சீங்க?”

தீபாவளிக்கு.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாய் அடித்துப் பங்கு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். 2024இல் ஒக்டோபர் 31ஆம் தேதி தீபாவளி. எங்கள் பட்டிக் கிடாய்தான். வெட்டியது வீட்டுக்காரரின் சின்ன மாமா. ஊரில் யார் வீட்டில் ஆடு அடித்தாலும் அவர்தான் கத்தியோடு போவார். தோலை உரித்து வயிற்றைத் திறந்ததும், குடலைப் போர்த்தியிருக்கிற வலைபோன்ற கொழுப்பில் தண்ணீர் நிறைந்த பைகள் தொங்கின. சின்னது நெல்லிக்காய் அளவு, பெரியது எலுமிச்சம்பழத்துக்கும் கொஞ்சம் கூட. உள்ளே தெளிந்த தண்ணீர். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. நான் ஏழு எண்ணினேன்.

“என்ன மாமா இது?”

“தண்ணிக் குமிழ் புள்ள. எல்லா ஆட்டிலயும் கிடக்கிறதுதான். இறைச்சிக்கு ஒண்டும் இல்ல” என்று சொல்லி, கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து வீசினார். வீமன் அந்தரத்தில் வைத்தே பிடித்துத் தின்றான்.

வீமன் எங்கள் நாய். வேட்டை நாயின் உடம்பு, குழந்தையின் குணம். எங்கள் பக்கத்தில் நாய் இல்லாமல் இரவு கழிக்க முடியாது. யானை வேலிக்குக் கிட்ட வந்துவிட்டால் முதலில் தெரிவது அவனுக்குத்தான். அவன் குரைக்கும் சத்தத்தை வைத்தே வந்தது நரியா யானையா என்று மாமி படுத்தபடியே சொல்வார். அந்த நாயைப் பற்றித்தான் வைத்தியர் கேட்டார்.

அவர் சொன்னதை, எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நாயின் குடலுக்குள் ஒரு நாடாப்புழு இருக்கிறது. டீனியா ஹைடடிஜெனா என்று பெயர். வளர்ந்தால் ஐந்து மீற்றர் வரைக்கும் நீளும். அதன் வால்பக்கத் துண்டுகள் முட்டை நிறைந்ததும் கழன்று நாயின் மலத்தோடு வெளியே வந்துவிடும். ஒரு துண்டிலேயே ஆயிரக்கணக்கான முட்டை. அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. மழையில் கரைந்து புல்லிலும் வைக்கோலிலும் தண்ணீரிலும் பரவும், ஈயின் காலிலும் போகும். செம்மறியோ வெள்ளாடோ அதைப் புல்லோடு சேர்த்துத் தின்றால், குடலுக்குள் முட்டை வெடித்துக் குஞ்சு வெளியே வரும். அது குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தோடு ஈரலுக்குப் போகும். ஈரலுக்குள் மூன்று நாலு கிழமை சுரங்கம் தோண்டி, மறுபக்கத்தால் வெளியே வந்து, குடற்கொழுப்பில் ஒட்டிக்கொண்டு நீர்ப்பையாக மாறும். சின்ன மாமா அறுத்து எறிந்த தண்ணிக் குமிழ் அதுதான். உள்ளே தெரிந்த வெள்ளைப் புள்ளி அடுத்த புழுவின் தலை. நாய் அந்தப் பையைத் தின்றால் அந்தத் தலை நாயின் குடலில் கொளுவிக்கொண்டு முழுப்புழுவாக வளர்ந்துவிடும்.

ஆக, செம்மறிக்கு நாய் கொடுக்கிறது, நாய்க்கு நாங்கள் கொடுக்கிறோம்.

வளர்ந்த செம்மறியில் ஐந்தாறு பை தொங்கினாலும் வெளியே ஒன்றும் தெரியாதாம். தின்னும், குட்டி போடும், கொழுக்கும். குட்டிகளின் நிலைமை வேறு. அவற்றின் உடம்பு இந்தப் புழுவை இன்னும் எதிர்க்கப் பழகவில்லை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான முட்டை உள்ளே போனால், அத்தனை குஞ்சும் ஒன்றாக ஈரலைத் துளைக்கும்போது குட்டி தாங்காது. சுட்டியின் ஈரலில் நான் பார்த்தது அதைத்தான்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கழற்றி வைத்த பழைய கலண்டரை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தேன். பையைத் தின்ற நாயின் மலத்தில் முட்டை வரத் தொடங்க ஏறக்குறைய 51 நாள் ஆகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தீபாவளியில் இருந்து எண்ணினேன். டிசம்பர் 21. அங்கிருந்து சுட்டி செத்த ஜனவரி 18 வரை 28 நாள். ஈரலைத் துளைக்கும் காலம் அவர் சொன்னது மூன்று நாலு கிழமை.

இடையில் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் வந்தது. நவம்பர் கடைசியில் பெரிய வெள்ளம். மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீருக்குள் கிடந்த கிழமை அது. பட்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதால் செம்மறிகளை வீட்டோடு சேர்ந்த மேட்டுக்குக் கொண்டுவந்து கட்டினோம். தண்ணீர் வற்றிய பிறகும் அவை அங்கேயே நின்றன, ஏனென்றால் சுற்றிவர வயல் எல்லாம் பெரும்போக வேளாண்மை, மேய விட இடம் இல்லை. வைக்கோலை இழுத்துப் போட்டு, வெட்டிய புல்லையும் அங்கேயே பரப்பித் தின்னக் கொடுத்தேன். வீமன் படுப்பதும் அந்த வைக்கோல் போரில்தான். காலையில் அவன் ஒதுங்குவது அதற்குப் பின்னால். மாரியில் நிலம் காயவே இல்லை. அந்த முட்டைகளுக்கு வெயிலும் வறட்சியும் ஆகாது, ஈரமும் குளிரும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வீமனுக்கு அதற்கு முன்பே புழு இருந்திருக்கவும் கூடும். எத்தனை வருடமாக அவனுக்கு ஈரலும் குடலும் எறிந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் அந்தரத்தில் பாய்ந்து பிடித்த அந்த ஏழு பைதான் என் கண்ணுக்குள் நின்றது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. மகளுக்கு எட்டு வயது. வீமனின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதைப்பாள். இந்தப் புழு மனிதருக்கு வருமா? அடுத்த நாளே திரும்பவும் வைத்தியரிடம் போய்க் கேட்டேன். இந்தக் கேள்விக்கு அவர் இருந்து நேரமெடுத்துப் பதில் சொன்னார். அதனால்தான் நானும் இதை நேரமெடுத்து எழுதுகிறேன்.

கொழுப்பில் தொங்கும் தண்ணிக் குமிழ் மனிதருக்கு வருவதில்லை. அந்தக் கிடாயின் இறைச்சியைத் தின்றதால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது, பையை அகற்றிவிட்டு நன்றாகச் சமைத்தால் சரி. சின்ன மாமா சொன்னதில் அந்தப் பாதி உண்மைதான். ஆனால் இதே வழியில், நாயில் இருந்து செம்மறிக்கும் செம்மறியில் இருந்து நாய்க்கும் சுற்றுகிற இன்னொரு நாடாப்புழு இருக்கிறது. எக்கினோகொக்கஸ். அது ஐந்து மீற்றர் எல்லாம் இல்லை. முழுப்புழுவே ஒரு அரிசி அளவு வராது, மூன்று முதல் ஏழு மில்லிமீற்றர். நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் வாடாது. அதன் முட்டை செம்மறிக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். அந்த முட்டை மனிதரின் வாய்க்குள் போனாலும் அதே கட்டிதான், அதே ஈரலில். மெதுவாக, வருடக்கணக்கில், நோகாமல் வளரும். பெரிதாகி அமுக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். உடைந்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார அமைப்பு அதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது என்று கேட்டேன். போத்தலில் போட்டு வைத்திருந்த இரண்டு மாதிரியை எடுத்துக் காட்டினார். முதலாவது எங்களுடையது மாதிரியே மெல்லிய பை, கொழுப்பில் காய் தொங்குவதுபோல் தொங்கும், உள்ளே ஒரேயொரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை இடுக்கியால் அமுக்கினார், நீளமான கழுத்தோடு தலை வெளியே வந்தது. லத்தீனில் அந்தப் பைக்கு வைத்த பெயரிலேயே மெல்லிய கழுத்து என்ற பொருள் இருக்கிறதாம். மற்றது ஈரலுக்குள்ளேயே புதைந்த கட்டி. சுவர் தடிப்பு, வெள்ளை நிறம். தண்ணீருக்குள் மணல் தூவினதுபோல் மிகச் சின்னத் துணிக்கைகள், அந்த ஒவ்வொரு மணலும் ஒரு புழுத்தலை. அப்படி ஒன்றைக் கண்டால் கத்தி வைக்காமல், வெட்டிப் பார்க்காமல், அந்த ஈரலை அப்படியே கட்டிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார்.

எங்கள் கிடாயில் இருந்தது முதல் வகை. அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. ஆனால் வைத்தியர் விடவில்லை. “அக்கா, பாதை ஒண்டுதான். இண்டைக்கு இது வந்த பாதையால நாளைக்கு மற்றதும் வரலாம்.”

மூன்றாவது நாடாப்புழு ஒன்றும் உண்டு. அது செம்மறியின் மூளையில் பை கட்டும். அந்தச் செம்மறி ஒரு பக்கமாகவே வட்டமடிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், கூட்டத்தை விட்டுத் தனியே தலையைச் சரித்துக்கொண்டு நிற்கும். இதை வீட்டில் சொன்னபோது மாமி கட்டிலில் எழும்பி இருந்தார். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் ஒரு மறி அப்படித்தான் “கிறுகிக் கிறுகி” நின்று செத்ததாம். பேய் அடித்துவிட்டது என்று கோயிலில் நூல் கட்டினார்களாம். அது இந்தப் புழுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது, வேறு வருத்தங்களிலும் ஆடு வட்டமடிக்கும். ஆனால் நான் இதைச் சொன்ன நாளுக்குப் பிறகு மாமி நாய்க்குப் பச்சை எலும்பு போட விடவே இல்லை.

எனக்கு இதில் மனம் நொந்த ஒரு விஷயம் இருக்கிறது. நான் மருந்து கொடுக்காத ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாமசியில் பூச்சி மருந்து வாங்கி, நிறை பார்த்து, ஒவ்வொரு செம்மறியின் வாயிலும் நானே விட்டிருக்கிறேன். புழுக்கையோடு வெள்ளை அரிசிபோல் துண்டுகள் வருவதைப் பார்த்திருக்கிறேன், மருந்து விட்டதும் அது நின்றுவிடும். நாடாப்புழு போய்விட்டது என்று நம்பினேன். போனது வேறு நாடாப்புழு. அது மொனீசியா, செம்மறியின் குடலுக்குள்ளேயே வாழ்வது. புல்லடியில் இருக்கிற மிகச் சின்ன உண்ணி வகை ஒன்றில் இருந்து செம்மறிக்கு வருகிறது, நாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குடலுக்கு வெளியே கொழுப்பிலும் ஈரலிலும் இருக்கிற பைகளுக்கு நான் விட்ட அந்த மருந்து போய்ச் சேர்வதில்லை. பதினாலு செம்மறிக்கும் வருடத்துக்கு நாலு தரம் மருந்து விட்ட நான், வீமனுக்கு ஒரு தரமும் கொடுத்ததில்லை. விசர்நாய்த் தடுப்பூசி மட்டும் வருடாவருடம் போடுவோம். நாய்க்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தோம்.

வைத்தியர் எழுதித் தந்தது பிரசிகுவன்டெல் உள்ள குளிசை. நாயின் நிறைக்கு ஏற்ற அளவு, பத்துக் கிலோவுக்கு ஒன்று. அதனால் வீமனை நிறுக்கவேண்டி வந்தது. நெல்லு நிறுக்கிற கொழுக்கித் தராசை மாமரத்தில் கட்டி, உரப்பைக்குள் அவனை இருத்தித் தூக்கினோம். தலையை வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் தொங்கினான். பதினேழு கிலோ. குளத்து மீனை அவித்து முள் எடுத்து, அதற்குள் குளிசையை வைத்து மகள் ஊட்டினாள். ஒரு குளிசையின் விலை ஒரு கிலோ அரிசியின் விலைக்குக் கொஞ்சம் கூட. இரண்டு குட்டியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அந்தக் குளிசை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இது முக்கியம், ஏனென்றால் மருந்து வேலை செய்யும் இரண்டு நாளும் நாயின் வயிற்றில் இருந்து வெளியே வருவதெல்லாம் முட்டைதான். அந்த இரண்டு நாளும் வீமனைக் கட்டி வைத்து, போனதை எல்லாம் மண்வெட்டியால் அள்ளி உமியோடு போட்டு எரித்தோம். பிறகு ஆறு கிழமைக்கு ஒரு தரம் குளிசை. ஏன் ஆறு கிழமை என்றால், இடையில் எங்காவது ஒரு பையைத் தின்றிருந்தாலும் அந்தப் புழு முட்டை போடும் வயதுக்கு வருவதற்கு முன் அது செத்துவிடும். கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படி ஊரே சேர்ந்து செய்து வென்ற இடம் ஒன்று இருக்கிறது, ஐஸ்லாந்து. போனில் இதைத் தேடி வாசித்த இரவுகளில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது அந்தக் கதை. செம்மறியும் நாயும் இல்லாமல் வாழ முடியாத குளிர்நாடு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே எக்கினோகொக்கஸ் கட்டி மிகவும் பரவிக் கிடந்தது. 1863இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் ஆராய்ச்சியாளர் அங்கே போய் நாய்களைத் திறந்து பார்த்து, இது எப்படிச் சுற்றுகிறது என்று கண்டார். அதைச் சனத்துக்கு விளங்கும் மொழியில் ஒரு சிறு புத்தகமாக எழுதினார், அது இலவசமாகக் கொடுக்கப்பட்டது. நாய்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. இன்றைக்கு எங்களிடம் இருக்கும் குளிசை அப்போது இல்லை. ஆடு அடிக்கும் இடத்தில் பழக்கத்தை மாற்றித்தான் அவர்கள் அந்த நோயை நாட்டை விட்டே அனுப்பினார்கள். நியூசிலாந்தும் பல பத்தாண்டு பாடுபட்டு, 2002இல் தங்கள் நாடு அதிலிருந்து விடுபட்டதாகத் தற்காலிகமாக அறிவித்தது. செம்மறிக்கு அந்த நோய் வராமல் தடுக்கும் ஊசியும் ஒஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உருவாக்கியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் பழக்கத்தை மாற்றுவது லேசாக இருக்கவில்லை. கழிவைக் கிடங்கு வெட்டிப் புதைக்கவேண்டும் என்றார் வைத்தியர். சித்திரையில் அது சரி. மாரியில் எங்கள் வளவில் இரண்டு அடி வெட்டினால் ஊற்று வந்துவிடும். ஆழம் இல்லாமல் புதைத்ததை நாய் தோண்டும், இரவில் நரியும் வரும். நரிக்கு யார் குளிசை கொடுப்பது? அதனால்தான் செத்த குட்டியைப் பற்றைக்குள் எறியவே கூடாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முதல் குட்டியை எறிந்த இடத்தைத் தேடி நானும் வீட்டுக்காரரும் போனோம். உரப்பை கிழிந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

ஆகவே மாரிக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, அவித்தல். நெல்லு அவிக்கிற பழைய தகரத்தில் ஈரல் கழிவு, நுரையீரல், குடல், கொழுப்பு எல்லாவற்றையும் போட்டு, கொதி வந்த பிறகு முக்கால் மணித்தியாலம் வைக்கவேண்டும். பெரிய துண்டுகளை வெட்டிப் போட்டால் உள்ளேயும் வேகும். அப்படி அவித்ததை நாய்க்குத் தாராளமாகக் கொடுக்கலாம், பை இருந்தாலும் அதற்குள் இருந்த தலை செத்திருக்கும். சின்ன மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. நாற்பது வருடமாக ஆடு அடிக்கிற மனிதர். நான் அவர் கையில் பிழை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். “அப்ப இவ்வளவு நாளும் நான் ஊருக்கு நோய் பரப்பினேனா புள்ள?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமிதான், “உனக்கு மட்டுமா தம்பி, எனக்கும் தெரியாதே” என்று சொல்லி அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

வீட்டுக்குள்ளும் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. நாயைத் தடவினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சோற்றுக்கு வர மகளுக்கு அனுமதி இல்லை. வளவுக் கீரையை மூன்று தண்ணீரில் கழுவுகிறேன். வைக்கோல் போரைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துவிட்டோம். வீமன் இப்போது விறாந்தையில் படுக்கிறான், பழைய சாக்கு ஒன்று போட்டிருக்கிறது.

2025 தீபாவளி ஒக்டோபர் 20இல் வந்தது. அதே நாலு வீடு, எங்கள் பட்டியில் இருந்து இன்னொரு கிடாய். வயிற்றைத் திறந்தபோது நாலு பை தொங்கியது. நான் எதிர்பார்த்ததுதான், போன வருடத்து முட்டைகளைத் தின்று வளர்ந்த கிடாய் அது. உடம்புக்குள் கட்டியவை எங்கே போகும். ஈரலைத் தடவித் தடவிப் பார்த்தேன், உள்ளே கட்டி ஒன்றும் இல்லை. சின்ன மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பைகளை ஒவ்வொன்றாக உடையாமல் அறுத்து, ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் போட்டு, மேலே பலகை வைத்து மூடினார். பக்கத்து வீட்டு நாய்கள் இரண்டும் வீமனும் வாளியைச் சுற்றி வந்தன. அவர் ஒரு காலை வாளிமேல் வைத்துக்கொண்டு மற்ற வேலைகளை முடித்தார். பிறகு அவரே விறகு கொண்டுவந்து தகரத்தை அடுப்பில் ஏற்றினார்.

இந்த ஐப்பசியில் ஆறு குட்டி பிறந்திருக்கிறது. ஒன்றின் நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மகள் இன்னும் பெயர் வைக்கவில்லை, தை முடியட்டும் என்கிறாள். நேற்றுப் பின்னேரம் பக்கத்து வளவு அண்ணன் தன்னுடைய நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு படலையடியில் வந்து நின்றார். கையில் ஒரு உரப்பை.

“புள்ள, அந்தத் தராசு கிடக்கா?”